சிரிக்க வைத்தவரின் சிரிப்பு

திண்டுக்கல் வட்டாரத்தில் டூரிங் கொட்டகை மணலில் அமர்ந்து படம் பார்த்த பெரியவர் எவரேனும் உங்கள் இல்லத்தில் உளரா? கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனைப் பற்றி அவரிடம் கேளுங்கள். பதிலுக்கு முன்னே புன்னகை வரும்.

அன்னார் 1908-ஆம் ஆண்டு நாகர்கோயிலை அடுத்த ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். நாடகக் கொட்டகையில் சோடா விற்ற சிறுவன் மேடையேறியதும், திரையில் புகழ் பெற்றதும் பலரும் அறிந்ததே.

1944-இல் சென்னையில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையுண்டார். அவ்வழக்கில் தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். மறு ஆண்டு ஆயுள் தண்டனை. எண்ணிப் பாருங்கள்: நாட்டையே சிரிக்க வைத்த முகம், குற்றவாளிக் கூண்டிலே நின்றது. அச்சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்ததோ என்று ஐயுற்றவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மீண்டும் விசாரிக்கச் சொல்லிற்று. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையிலே கழிந்துவிட்டன.

பாகவதரின் பழைய புகழ் திரும்பவில்லை. கிருஷ்ணனோ மனைவி மதுரத்துடன் மீண்டும் திரையில் தோன்றிச் சிரிக்க வைத்தார். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார், கையில் பெரிதாய் ஒன்றும் மிஞ்சவில்லை. கொடுக்கத் தெரிந்தவருக்குச் சேர்க்கத் தெரியாது போலும்!

1956-இல் வெளிவந்த 'ராஜா ராணி' படத்தில் சிரிப்பைப் பற்றியே அவர் ஒரு பாட்டுப் பாடுகிறார். பலவகைச் சிரிப்புகளைத் தாமே சிரித்துக் காட்டுகிறார். பார்க்க வாய்த்தால், அப்போது அவர் கண்களையும் சற்றுக் கவனியுங்கள். 1957 ஆகஸ்டு 30-ஆம் நாள் சென்னையில் அவர் இறந்தபோது வயது 48.