மேஜர் பரமேசுவரன்

தாம்பரத்தினின்று மின்சார ரயிலேறிச் சென்னைக்குச் செல்லும் நம் கல்லூரி மாணவர் பரங்கிமலையைக் காணாத நாளில்லை. மலையுச்சியில் தோமா அப்போஸ்தலரின் நினைவோடு இயைந்த பழைய ஆலயம் விளங்குகின்றது. மலையை அடுத்து, 1963-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற படையதிகாரிகள் பயிற்சி நிலையம் உளது. அதன் அணிவகுப்புத் திடல் பரமேசுவரன் என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அப்பெயர்க்குரியார் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இராமசாமி பரமேசுவரன் 1946 செப்டம்பர் 13-ஆம் நாள் பம்பாயிற் பிறந்தார். அந்நகரிலேயே கல்வி பயின்று, 1968-ல் அறிவியற் பட்டம் பெற்றார். வாணிகமும் வருவாயும் மிக்க அம்மாநகரை விடுத்து, 1971-ல் பரங்கிமலைப் பயிற்சிப் பள்ளியில் மாணாக்கராய்ச் சேர்ந்தார்.

ஆங்குக் கற்பிக்கப்பெறுவன துப்பாக்கி சுடுதலும் அணிநடையும் மட்டுமல்ல. வைகறைத் துயிலெழுதல், ஆணைக்கு அமைதல், களைத்த தோழனை விட்டகலாமை, அச்சம் வந்துற்றபோதும் மதி கலங்காமை ஆகிய இவையனைத்தும் நாடோறும் பழக்கப்படுகின்றன. ஏவல் கேட்கப் பழகியவனே பிறரை ஏவத் தக்கவனாகின்றான்.

1972 ஜூன் 16-ஆம் நாள் மகார் ரெஜிமெண்டின் 15-ஆம் பட்டாளத்தில் அவர் அதிகாரியானார். பின்னர் மிசோரம், திரிபுரா ஆகிய இடங்களிற் பணிபுரிந்தார். 1987-ல் இந்திய அமைதிப் படை இலங்கை சென்றபோது, 8-ஆம் பட்டாளத்தோடு அவரும் சென்றார்.

அவ்வாண்டு நவம்பர் 25-ஆம் நாள், யாழ்ப்பாணத்து உடுவிற் பகுதியில், தேடுதற் பணி முடித்து இரவில் மீளும்போது அவருடைய குழுவினர் திடீரெனத் தாக்கப்பட்டனர். அவர் சற்றும் திகையாது எதிரிகளைப் பின்புறமாகச் சூழ்ந்தார். கைகலப்பில் ஒருவன் அவர் மார்பிற் சுட்டான். அவனுடைய துப்பாக்கியையே பறித்து அவனை வீழ்த்திய பரமேசுவரன், குருதி பெருகவும், உயிர் பிரியுங்காறும் தம் வீரர்க்கு ஆணையிட்டுக்கொண்டேயிருந்தார். அப்போது அவருக்கு வயது 41. மறைவுக்குப் பின் அவர்க்குப் பரம வீர சக்கரம் வழங்கப்பெற்றது. இலங்கை சென்ற அப்படையில் அவ்விருது பெற்றவர் அவரொருவரே.

தமிழ் மண்ணில் தமிழர் பலர் மாண்ட அப்போர் நினைக்குந்தோறும் நெஞ்சை வருத்துவது. அதன் நியாயம் பற்றிக் கருத்து வேறுபடலாம். ஆயினும், தம்மை நம்பிய வீரரைக் கைவிடாத தலைவரின் கடமையுணர்ச்சியை மறுப்பார் இலர்.

பயிற்சி முடிந்து பதினைந்தாண்டு கழிந்தபின் அச்சோதனை வந்தது. எண்ணித் துணிய அவர்க்கு அன்று நேரமில்லை. முன்னரே பழகிய பண்பே துணை நின்றது. 1988 ஜனவரி முதல் அப்பள்ளி, பயிற்சிக் கழகம் எனப் பெயர் மாறிற்று. 1992 முதல் மகளிரும் ஆங்குப் பயில்கின்றனர்.

மாணவ நண்பர்களே! நம் சோதனை எந்நாள், எவ்வுருவில் வருமென நாமறியோம். இக்கல்லூரியில் இன்று நாம் பழகுவதே அன்று நமக்குத் துணையாகும்.