சர் அலெக் இசிகோனிஸ்: கை நுழையாத காரைச் செய்தவர்



ஒர்க்ஷாப்பில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு வண்டி உள்ளே வரும். பானெட்டைத் திறப்போம். ஸ்பேனர் போகும், கை போகாது. கை போனால் ஸ்பேனர் திரும்பாது. ஒரே ஒரு போல்ட்டைத் தொடுவதற்கு நாலு பாகத்தைக் கழற்றி, புறங்கையில் தோல் உரிந்து, கடைசியில் அந்த போல்ட்டும் கையிலிருந்து நழுவி உள்ளே எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்ளும்! அப்போது யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார்: இதை வரைஞ்ச ஆளு வாழ்க்கையில ஒரு தடவையாவது ஸ்பேனர் பிடிச்சிருப்பானா?

பிடித்திருக்கிறார் என்பதுதான் வேடிக்கை. மெக்கானிக்குகளிடம் உலகத்திலேயே அதிகம் திட்டு வாங்கிய கார்களில் ஒன்றான 'மினி'யை உருவாக்கிய அலெக் இசிகோனிஸ், தன் கையாலேயே ஒரு ரேஸ் காரைக் கட்டியவர். அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. அவர் நம்ம ஜாதி. அதாவது பாலிடெக்னிக் ஜாதி!

1906 நவம்பர் 18. இன்று துருக்கியில் இஸ்மீர் என்று அழைக்கப்படும் ஸ்மிர்னா துறைமுக நகரத்தில் பிறந்தார். அப்பா கான்ஸ்டன்டைன் கிரேக்க வம்சம், பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர், கப்பல் எந்திரங்கள் சம்பந்தப்பட்ட தொழிற்சாலை வைத்திருந்தார். அம்மா ஹுல்டா ஜெர்மன் வம்சக் குடும்பம். வசதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 1922ல் கிரேக்க-துருக்கியப் போரின் முடிவில் ஸ்மிர்னாவே எரிந்தது. பிரிட்டிஷ் குடிமக்களைக் கப்பலேற்றி மால்டா தீவுக்குக் கொண்டுபோனார்கள். தொழிற்சாலை போயிற்று, வீடு போயிற்று. கொஞ்ச காலத்தில் அப்பாவும் இறந்துபோனார். 1923ல் அம்மாவும் பிள்ளையும் லண்டனில் வந்து இறங்கினார்கள்.

அங்கே பையன் சேர்ந்த இடம் பேட்டர்ஸீ பாலிடெக்னிக். மெக்கானிக்கல் என்ஜினியரிங், மூன்று வருடம். டிராயிங்கில் புலி. கணக்கில்? மூன்று தடவை பெயில்! அரியர் லிஸ்ட்டில் தன் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும் நண்பர்கள் இந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம். (வீட்டில் காட்டுவதற்கு நான் பொறுப்பல்ல.) கணக்கு மேல் அவருக்கு இருந்த கோபம் கடைசி வரை தீரவில்லை. அளவுகள் போடாமல் கைப்போக்கில் படம் போட்டுத் தருவார். அதை அளவோடு கூடிய வொர்க்கிங் டிராயிங்காக மாற்றுவது ஜேக் டேனியல்ஸ் போன்ற கூட்டாளிகளின் தலையெழுத்து.

படிப்பு முடிந்து முதலில் ஒரு சின்ன கம்பெனியில் கிளட்ச், கியர் மாற்றும் முறை பற்றிய வேலை. பிறகு கவென்ட்ரியில் ஹம்பர். 1936ல் கௌலியில் மாரிஸ் மோட்டார்ஸ். ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் நண்பர் ஜார்ஜ் டௌசனோடு சேர்ந்து அந்த ரேஸ் காரைக் கட்டினார்கள். பெயர் 'லைட்வெயிட் ஸ்பெஷல்'. ஆஸ்டின் செவன் காரின் பாகங்கள், பிளைவுட்டும் அலுமினியமும் சேர்த்த பாடி, ரப்பரால் ஆன சஸ்பென்ஷன். பவர் டூல் எதுவும் கிடையாது. அரம், ரம்பம், கைத்துளைப்பான், அவ்வளவுதான். வருடக்கணக்கில் இழுத்து 1938ல் முடித்தார்கள். ஃபிட்டிங் லேபில் ஒரு ஸ்கொயர் அரம் போடவே நமக்கு மூன்று கிளாஸ் ஆகிறது, யோசித்துப் பாருங்கள்.

ஆக, நட்டு போல்ட்டோடு மல்லுக்கட்டுவது என்றால் என்ன என்று தெரியாத மனிதர் அல்ல அவர். அப்புறம் ஏன் மினி அப்படி ஆயிற்று? அதற்கு முன் அவர் செய்த இன்னொரு காரைப் பார்த்துவிட வேண்டும்.

அது 1948ல் வந்த மாரிஸ் மைனர். யுத்த காலத்திலேயே வரையத் தொடங்கிய வண்டி. இதில் ஒரு தமாஷ். எல்லாம் தயாரான பிறகு, வண்டி ஒல்லியாக இருக்கிறதே என்று இசிகோனிஸுக்கே உறுத்தியது. மாதிரி காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதிகளையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, 4 அங்குலம் தள்ளி வைத்ததும் சரி என்றார். பம்பர் ஏற்கெனவே அடித்து வைத்தாயிற்றே! அதையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்தார்கள். ஆரம்ப கால மைனர்களில் அந்தத் துண்டைப் பார்க்கலாம்.

மைனருக்கு அவர் நினைத்தது படுக்கை வாட்டில் இருக்கும் ஃப்ளாட்-ஃபோர் என்ஜின். அதற்காக பானெட்டுக்குள் அகலமாக இடம் விட்டிருந்தார். அந்த என்ஜின் திட்டம் கைவிடப்பட்டு, பழைய மாரிஸ் எய்ட் காரின் ஒல்லியான 918 சி.சி. என்ஜின்தான் வந்து உட்கார்ந்தது. விளைவு? இரண்டு பக்கமும் காலி இடம். டைனமோவா, ஸ்டார்ட்டரா, பிளக்கா, எல்லாவற்றுக்கும் கை தாராளமாகப் போகும். வீட்டு வாசலிலேயே சொந்தமாக ரிப்பேர் பார்க்க நினைக்கிறவர்களுக்கு மைனர் போல ஒரு வண்டி இல்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள். அந்தப் புண்ணியத்தில் பாதி, நடக்காமல் போன ஒரு திட்டத்துக்குச் சேர வேண்டியது! பிரிட்டனில் 10 லட்சம் விற்ற முதல் கார் இதுதான். நம் நாட்டிலும் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் ஓடியது.

1952ல் அவர் ஆல்விஸ் கம்பெனிக்குப் போனார். அங்கே வரைந்த கார் வெளிவரவே இல்லை. 1955ல் பி.எம்.சி.க்குத் திரும்பினார். 1956ல் சூயஸ் கால்வாய்ப் பிரச்சினை. பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன். ஜெர்மனியிலிருந்து வந்த மூணு சக்கர 'பபிள்' கார்கள் தெருவெல்லாம் ஓட ஆரம்பித்தன. அவற்றைத் தெருவை விட்டே துரத்துகிற மாதிரி ஒரு நிஜமான சின்னக் கார் வேண்டும், ஆனால் என்ஜின் மட்டும் ஏற்கெனவே கைவசம் இருக்கிற ஏ-சீரிஸாகத்தான் இருக்க வேண்டும் என்றார் தலைவர் லெனர்ட் லார்ட்.

இசிகோனிஸ் போட்டுக்கொண்ட கணக்கு (இந்தக் கணக்கில் அவர் பெயிலாகவில்லை): வண்டியின் மொத்த நீளம் 10 அடி. நாலு பேர் வசதியாக உட்கார வேண்டும். அப்படியானால் எந்திரத்துக்கு மிஞ்சுவது முன்னால் ஒன்றரை, இரண்டு அடிதான். என்ஜினை நீளவாக்கில் வைத்தால் நுழையாது. குறுக்கே திருப்பினார். கியர்பாக்ஸை அதன் பக்கத்தில் வைத்தால் அகலம் போதாது. அதனால் என்ஜினுக்கு அடியில், சம்ப்புக்குள்ளேயே வைத்துவிட்டார்! என்ஜினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். சக்கரம் 10 அங்குலம். ஸ்பிரிங்குக்குப் பதில் அலெக்ஸ் மோல்டன் செய்து தந்த ரப்பர் கோன். குறுக்கு என்ஜினும் முன்சக்கர இயக்கமும் அதற்கு முன்பே இருந்த சங்கதிகள்தான். நாலு சிலிண்டர் தண்ணீர் என்ஜினை இத்தனை சின்ன இடத்தில் திணித்தது அவர் வேலை. 1957 மார்ச்சில் தொடங்கி, 1959 ஆகஸ்ட் 26ல் மினி வெளிவந்தது. 848 சி.சி., விலை சுமார் 497 பவுண்ட். வண்டி நீளத்தில் சுமார் 80 சதவீதம் பயணிகளுக்கும் பெட்டி படுக்கைக்கும்.

மீதி 20 சதவீதம்? அது நம்மைப் போன்றவர்களின் பங்கு.

கியர்பாக்ஸில் ஒரு சின்க்ரோமெஷ் தேய்ந்தால் கியர்பாக்ஸை மட்டும் இறக்க முடியாது. என்ஜினையும் சேர்த்து மொத்தமாகத் தூக்கி வெளியே எடுத்து, அப்புறம்தான் இரண்டையும் பிரிக்கணும். கிளட்ச் பிளேட்டை வண்டியிலேயே வைத்து மாற்றலாம், ஆனால் அந்தப் பக்கத்து மவுண்டிங்கைக் கழற்றி, என்ஜினை ஜாக்கியில் தூக்கி நிறுத்தினால்தான் ஃபிளைவீல் கவர் வெளியே வரும். ஃபிளைவீல் கிராங்க் முனையில் டேப்பராக இறுகி உட்கார்ந்திருக்கும். சாதாரண டூலுக்கு அது மசியாது, அதற்கென்றே ஒரு புல்லர் தேவை. வருடக்கணக்கில் கழற்றாத வண்டி என்றால் புல்லரை முறுக்கி, அடித்து, காத்திருந்து, திடீரென்று பீரங்கிச் சத்தத்தோடு விடும். வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை இந்த வேலையை ஆரம்பித்தவர்கள் திங்கட்கிழமை பஸ்ஸில் வேலைக்குப் போயிருப்பார்கள் என்பது என் ஊகம்.

அடுத்தது மழை. முதல் மாதிரி வண்டியில் என்ஜின் வேறு திசையில் இருந்தது. கார்புரேட்டர் முன்னால், டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால் பத்திரமாக. சோதனை ஓட்டத்தில் கார்புரேட்டரில் ஐஸ் பிடித்தது, சின்க்ரோமெஷ் சீக்கிரம் தேய்ந்தது என்று காரணம் சொல்லி என்ஜினை அப்படியே திருப்பி வைத்தார்கள். இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் கிரில்லுக்கு நேர் பின்னால்! எதிரே லாரி தண்ணீரை வாரி அடித்தால் நேராக அதன் மேல்தான் விழும், வண்டி நின்றுவிடும். பிற்பாடு கம்பெனி தடுப்புகள் வைத்தது. அதற்குள் ஜனங்களே வைத்தியம் கண்டுபிடித்துவிட்டார்கள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாட்டி, விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரல் வழியாகவும் ஒரு பிளக் வயரை விடுவது! நாலு பிளக், ஒரு காயில் வயர், மொத்தம் அஞ்சு விரல். கணக்கு சரியாகிவிட்டது.

தரையிலும் தண்ணீர் புகுந்தது. சோதித்த கோடைக்காலம் வறண்ட கோடை. மழைக்காலம் வந்த பிறகுதான் தரைத் தகடுகளின் இணைப்பு வழியாக நீர் ஏறுவது தெரிந்தது.

அதே 1959ல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் கவிழும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து சாவகாசமாக டியூனிங் பண்ணலாம். 1960களில் சென்னையில் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்று அதைத் தயாரித்தார்கள். பழைய மெக்கானிக்குகளிடம் கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். ஆனால் அது 10 அடிக்குள் அடங்குகிற வண்டி அல்ல.

இசிகோனிஸ் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. கமிட்டி என்றாலே ஆகாது. மக்களுக்கு என்ன வேண்டும் என்று கருத்துக் கேட்பதும் பிடிக்காது. காரில் ரேடியோ கூடாது, சீட் ரொம்ப மெத்தென்று இருந்தால் டிரைவர் தூங்கிவிடுவார் என்பது அவர் கட்சி. அவருடைய பெயரையே ஆணவம் என்ற அர்த்தம் வருகிற மாதிரி திரித்து, சகாக்கள் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். என் அபிப்பிராயம், அவர் உள்ளே உட்காருகிறவரின் முழங்காலைப் பற்றி யோசித்த அளவுக்கு வெளியே நிற்கிறவரின் முழங்கையைப் பற்றி யோசிக்கவில்லை. அதே சமயம் அன்றைக்கு அவர் மெக்கானிக்கின் கைக்கு இடம் விட்டிருந்தால் பின்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்க முடியாது. இதில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் இத்தாலியர் தான்தே ஜியாகோஸா. 1964ல் வந்த ஆட்டோபியாங்கி பிரிமுலாவில் என்ஜினைக் குறுக்கேயே வைத்து, கியர்பாக்ஸை சம்ப்பிலிருந்து எடுத்து என்ஜினின் முனையில் ஒட்டவைத்தார். டிரைவ் ஷாஃப்ட் ஒன்று நீளம், ஒன்று குட்டை. அப்படி வைத்தால் என்ஜினைத் தூக்காமலே கியர்பாக்ஸைத் தனியாக இறக்கலாம். 1983 முதல் 2014 வரை நம் நாட்டில் தயாரான மாருதி 800ல் நாம் கழற்றிப் பழகியது இந்த அமைப்பைத்தான்.

பிந்தைய கதை சுருக்கம்தான். 1964, 65, 67 மாண்டி கார்லோ ராலிகளில் மினி ஜெயித்தது. ஒரு மினியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்த ஃபோர்டு கம்பெனி, வண்டி ஒன்றுக்கு பி.எம்.சி. சுமார் 30 பவுண்ட் நஷ்டத்தில் விற்கிறது என்று கணக்குப் போட்டது. 1967ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1969ல் 'சர்' பட்டம். அதற்கு முந்தைய வருடமே கம்பெனி பிரிட்டிஷ் லேலண்டாக மாறி, புது நிர்வாகம் அவரை ஓரங்கட்டியிருந்தது. மினிக்கு மாற்றாக '9எக்ஸ்' என்று ஒரு காரை அப்போது தயார் செய்துகொண்டிருந்தார். மினியைவிடக் குட்டையான வண்டி, உள்ளே இடம் அதிகம், என்ஜின் எடை குறைவு, பாகங்களும் குறைவு. அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். 1971ல் ஓய்வு பெற்ற பிறகும் ஆலோசகராக வரைந்துகொண்டே இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1988 அக்டோபர் 2ல் பர்மிங்ஹாமில் காலமானார்.

மினி அதற்குப் பிறகும் 12 வருடம் ஓடியது. 1996ல் ரேடியேட்டரை முன்னால் கொண்டுவந்து, டிஸ்ட்ரிபியூட்டரையே எடுத்துவிட்டார்கள். ரப்பர் கையுறைக்கு வேலை போயிற்று. கடைசி மினி 2000 அக்டோபர் 4ல் வெளியே வந்தது. மொத்தம் 53 லட்சத்துக்கு மேல். அந்தக் கடைசி வண்டியிலும் கியர்பாக்ஸ் சம்ப்புக்குள்ளேதான் இருந்தது.

மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு