வெறும் உப்புக் கரைசலை ஏன் சோதிக்கணும்? விஷத்தைத் துப்பறிந்த ஓர்ஃபிலாவின் கதை

ராஜபாளையத்தில் ஒரு மரணம். விஷமா இருக்குமோன்னு சந்தேகம். பிரேதப் பரிசோதனையில் எடுத்த கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் உப்புக் கரைசலில் ஆய்வகத்துக்குப் போகும். கூடவே எதுவும் போடாத அதே கரைசல் தனி பாட்டிலில் போகும். வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தால், ஆய்வக அறிக்கை முக்கியச் சான்று.

அந்த வெறும் பாட்டில் எதுக்கு? அதைப் புரிஞ்சுக்க, நச்சியலின் தந்தை எனப்படும் மாத்தியூ ஓர்ஃபிலாவைத் தெரிஞ்சுக்கணும்.

1787-ல் ஸ்பெயினின் மெனோர்கா தீவில் பிறந்தவர், பாரிஸில் மருத்துவரானார். நஞ்சுகள் பற்றிய அவரது பெரிய நூல் வெளிவந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. விஷம் வயிற்றோடு நிற்காது, ரத்தத்தில் கலந்து கல்லீரல் வரை போகும் என்று சோதனைகளில் காட்டினார்.

1840-ல் பிரான்ஸில், கணவரை ஆர்சனிக் கொடுத்துக் கொன்றதாக மேரி லஃபார்ஜ் மீது வழக்கு. உடலில் விஷம் இல்லைன்னு உள்ளூர் நிபுணர்கள் சொல்லிட்டாங்க. ஓர்ஃபிலா மறுபடி சோதித்தார், ஆர்சனிக் இருந்தது. அதோடு விடவில்லை. கல்லறை மண்ணையும் தான் பயன்படுத்திய ரசாயனங்களையும் சோதித்து, விஷம் அவற்றிலிருந்து வரவில்லை என்று உறுதி செய்தார். மேரிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஓர்ஃபிலா 1853-ல் இறந்தார். அவருடைய எச்சரிக்கைதான் இன்றைய அந்த வெறும் பாட்டில். கரைசலில் இருந்த கலப்படத்துக்காக யாரும் கொலைகாரர் ஆகிவிடக் கூடாதில்லையா?