வாலஸ் கரோதர்ஸ்: நைலானும், தோற்றுப்போன இன்னொரு பாலிமரும்

கரோதர்ஸ் சமன்பாடுன்னு ஒண்ணு பாலிமர் பாடத்துல வரும். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியிருப்போம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரைப் பற்றி யாரும் நமக்குச் சொன்னதில்லை.

வாலஸ் கரோதர்ஸ் 1896-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தார். முதலில் படித்தது கணக்குப்பதிவு. பிறகு டார்கியோ கல்லூரியில் வேதியியல் சேர்ந்தார். அங்கே பேராசிரியர் விலகிப் போனதும், இன்னும் டிகிரி முடிக்காத இவரையே பாடம் நடத்த விட்டாங்க! 1924-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி., அப்புறம் ஹார்வர்டில் ஆசிரியர் வேலை. டூபாண்ட் கம்பெனி கூப்பிட்டபோது தயங்கினார். தனக்கு மனச்சோர்வு வரும் என்பதை மறைக்காமல் சொன்னார். இருந்தும் அவங்க விடலை. 1928-ல் சேர்ந்தார்.

ரப்பர், பட்டு எல்லாம் உண்மையிலேயே நீளமான மூலக்கூறுகளா என்று அப்போ பெரிய சண்டை நடந்துட்டு இருந்தது. கரோதர்ஸ் அந்தச் சங்கிலியைத் தானே கட்டிக் காட்ட முடிவு பண்ணார். அமிலத்தையும் ஆல்கஹாலையும் சேர்த்தால் எஸ்டர் பிணைப்பு உருவாகும். கூடவே தண்ணீரும் வரும். அந்தத் தண்ணீர் அங்கேயே இருந்தால் பிணைப்பை மறுபடி உடைக்கும். அதனால் வெற்றிடத்தில் தண்ணீரை உறிஞ்சி எடுத்தாங்க. சங்கிலி நீண்டது. 1930 ஏப்ரலில் அவர் குழுவில் இருந்த ஜூலியன் ஹில், உருகிய பாலியெஸ்டரை இழுத்தபோது பட்டு மாதிரி நூல் வந்தது.

ஆனா அதுல துணி நெய்ய முடியாது. வெந்நீர் பட்டாலே உருகிடும். லாக்டைடு, கேப்ரோலாக்டோன் ஆகியவற்றிலிருந்தும் அவர் குழு பாலிமர் செய்து பார்த்தது. அதுவும் துணிக்கு ஆகலை. எஸ்டரை விட்டு அமைடுக்கு மாறினார்கள். 1935 பிப்ரவரி 28-ல் நைலான் பிறந்தது.

1936-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி அவரை உறுப்பினராக்கியது. அவருக்கோ, தன்னிடம் இனி புது யோசனையே இல்லை என்ற எண்ணம். சிகிச்சை எடுத்தும் சோர்வு போகலை. 1937 ஜனவரியில் தங்கை இறந்தார். ஏப்ரல் 29-ல், 41 வயது முடிந்து இரண்டே நாளில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தார். நைலான் கடைக்கு வந்ததையும் அவர் பார்க்கலை, மகளையும் பார்க்கலை.

தோற்றுப்போன அந்தப் பாலியெஸ்டர் கதை இன்னும் முடியலை. தண்ணீர் பட்டால் எஸ்டர் பிணைப்பு உடையும். நம்ம உடம்போ பெரும்பாலும் தண்ணீர்தான். 1970 வாக்கில் பாலிகிளைகோலிக் அமிலத்தில் செய்த தையல் நூல் அறுவை சிகிச்சைக்கு வந்தது. அதைப் பிரிக்கத் தேவையில்லை, தானே கரைந்துவிடும். இன்றைக்கு பாலிலாக்டிக் அமிலம், பாலிகேப்ரோலாக்டோன் ஆகியவற்றில் துளைகள் நிறைந்த சாரம் செய்து, அதில் செல்களை வளர்க்கிறார்கள். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிக்கிற மாதிரி, திசு வளர வளர பாலிமர் மெல்லக் கரையும். பாலிலாக்டிக் அமிலம் உடைந்து கிடைக்கிற லாக்டிக் அமிலம், ஓடும்போது நம்ம தசையிலேயே உண்டாகிறதுதான்.

துணிக்கு ஆகாத அதே குணம்தான் இங்கே தேவைப்பட்டது. தன் வேலைக்குத் தானே மார்க் போட்ட கரோதர்ஸ், ரொம்பக் குறைச்சலா போட்டுட்டார். அவ்வளவு கறாரா போட்டது அவரோட நோய். உங்க மனசும் என்னைக்காவது அப்படிப் போட்டால், அதையே கடைசி ரிசல்ட்டுன்னு நம்பிடாதீங்க. பக்கத்து ரூம் கதவைத் தட்டுங்க.