கடல் கடந்த மருத்துவர் கார்சியா டா ஓர்டா

போர்ச்சுகல் நாட்டின் கிழக்கெல்லையில், ஸ்பெயினுக்கு அணித்தாக, மலைச்சரிவொன்றில் காஸ்டெலோ டி விடே என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. மேலே கோட்டை, அதனடியில் வெள்ளைச் சுவர் வீடுகள், அவற்றினூடே கல் பாவிய செங்குத்தான சந்துகள். அவற்றுள் ஒன்று யூதர் தெரு என்னும் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கின்றது. அங்குள்ள சிறு கட்டடமொன்று இடைக்காலத்தில் யூதர்களின் வணக்கத்தலமாக விளங்கியதாகும். தவ்ராத் சுருள்களை வைப்பதற்குரிய மாடம் அதனுள் காணக்கிடக்கின்றது. இப்போது அது அருங்காட்சியகமாகப் பேணப்படுகின்றது. இந்திய மூலிகைகளை மேலையுலகிற்கு முறையாக அறிமுகம் செய்த மருத்துவ அறிஞர் கார்சியா டா ஓர்டா 1501ஆம் ஆண்டளவில் பிறந்தது இவ்வூரில்தான்.

அவருடைய பெற்றோர் இவ்வூரில் வேரூன்றியவர் அல்லர். 1492இல் ஸ்பெயின் மன்னர் யூதர்களை வெளியேற்றியபோது எல்லை கடந்து வந்து குடியேறியவர்கள். கிரனாதா வீழ்ந்ததும் அதே 1492இல்தான் என்பதை நம் மாணவர்கள் நினைவிற்கொள்ளுதல் வேண்டும். புகலிடமும் நிலைக்கவில்லை. 1496இல் போர்ச்சுகல் மன்னர் முதலாம் மனுவேல், யூதரும் முஸ்லிம்களும் நாட்டைவிட்டு நீங்க வேண்டுமென ஆணையிட்டார். ஆயினும் யூதர்களை வெளியேற விடாது, 1497இல் அவர்களை வலிந்து ஞானஸ்நானம் பெறச் செய்தனர். இவ்வாறு மதம் மாற்றப்பட்டோர் 'புதிய கிறித்தவர்' எனப்பட்டனர். பெயரில் கிறித்தவர், பிறர் பார்வையில் என்றும் ஐயத்திற்குரியவர். ஓர்டா அத்தகைய குடும்பத்தின் மகனாகவே உலகைக் கண்டார்.

இளமையில் ஸ்பெயின் சென்று சலமாங்கா, அல்கலா பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றார். அக்காலத்து ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் மருத்துவம் என்றால் கிரேக்கர் கலேனும் நம் இப்னு சீனாவுமே. இப்னு சீனாவின் 'அல்கானூன்' லத்தீன் மொழிபெயர்ப்பில் பாடநூலாக இருந்தது. முஸ்லிம் அறிஞர்களைத் தம் மண்ணிலிருந்து துரத்திய நாடுகள், அவர்கள் நூலை மட்டும் மேசையிலிருந்து அகற்ற இயலாதிருந்தன! தாயகம் திரும்பிய ஓர்டா, 1530 முதல் லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியாற்றினார்.

1534இல், கப்பற்படைத் தலைவர் மார்ட்டிம் அபோன்சோ டி சூசாவின் மருத்துவராக இந்தியா நோக்கிக் கலமேறினார். இரண்டாண்டு கழித்து, 1536இல், போர்ச்சுகலில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பெற்றதை எண்ணும்போது, அப்பயணம் அறிவுத் தேட்டத்தால் மட்டும் நிகழ்ந்ததென்று கொள்வதற்கில்லை. இங்கு ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். அவரை அழைத்துவந்த அதே சூசாவின் படைதான் 1538இல் வேதாளைக் கரையில் மரைக்காயர்களின் மரக்கலங்களை அழித்தது. அப்படைத் தலைவருக்கு மருந்து கொடுத்தவரை நாம் போற்றுவது முறையா எனச் சில பெரியவர்கள் வினவலாம். வினா நேர்மையானதே. ஆயினும் அவருடைய பிற்கால வாழ்வையும் சேர்த்தே எடை போடுதல் வேண்டும்.

கோவாவில் நிலைபெற்ற ஓர்டா, வாள் எடுத்தவர் காணாத இந்தியாவைக் கண்டார். அகமதுநகர் சுல்தான் புர்ஹான் நிஜாம் ஷா அவருடைய நண்பரானார். அவ்வரசவையில் அரபு மருத்துவம் கற்ற ஹகீம்களோடு அவர் உரையாடினார். நோய்களின் அரபுப் பெயர்களைச் சுல்தான் சொல்லித் தர, லத்தீன் பெயர்களை ஓர்டா சொல்லித் தந்தார். ஒருவர் அரியணையில் இருப்பவர். மற்றவர் தம் மூதாதையர் நெறியை வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சியவர். இருவரும் ஒருவர்க்கொருவர் மாணவராயினர்! பம்பாய்த் தீவும் போர்ச்சுகல் ஆட்சியாளரால் அவருக்குக் குத்தகையாகக் கிடைத்தது. அங்கே வீடும் தோட்டமும் அமைத்தார்.

முப்பதாண்டு உழைப்பின் கனியாக, 1563இல் கோவாவில் அச்சேறியது அவருடைய நூல். இந்தியாவின் எளிய மருந்துகளும் சரக்குகளும் பற்றிய உரையாடல்கள் என்பது அதன் பொருள். தமிழ் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்ததற்குப் பதினைந்தாண்டு முந்தையது. போர்ச்சுகலின் பெருங்கவிஞர் கமோயிஸின் கவிதை முதன்முதலாக அச்சில் வந்ததும் இந்நூலின் முகப்பிலேயே.

ஐரோப்பாவிலிருந்து வந்த ருவானோ என்னும் கற்பனை மருத்துவர் வினவ, ஓர்டா விடையிறுப்பதாக நூல் செல்கின்றது. ருவானோ ஏட்டறிவின் குரல். ஓர்டா கண்டறிவின் குரல். இதனைப் படிக்குங்கால், 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் யாத்த 'ஆயிர மசலா' நம் நினைவிற்கு வருதல் இயல்பே. அங்கே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவுபவர், மதீனாவின் யூத அறிஞராயிருந்து இஸ்லாத்தைத் தழுவிய அப்துல்லா இப்னு ஸலாம். இரு நூல்களுக்கும் தொடர்பில்லை. எனினும் ஒரே நூற்றாண்டில், ஒரே நாட்டின் இரு மூலைகளில், அறிவைப் புகட்ட வினாவிடை வடிவமே தேர்ந்தெடுக்கப்பட்டமை சுவையானது.

மிளகு, ஏலம், இலவங்கம், கற்பூரம், மா, தெங்கு என ஒவ்வொன்றையும் தாம் கண்டவாறு எழுதினார். அரபியிலும் மலையாளத்திலும் குஜராத்தியிலும் வழங்கும் பெயர்களைக் குறித்தார். அரபியர் 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை, என்றழைத்தது பேரீச்சையே அன்று என விளக்கி, மலையாளக் கரையில் அதற்குப் புளி என்று பெயர் என்பதையும் பதிந்துள்ளார். நம் அடுக்களைச் சொல்லொன்று 1563இல் ஐரோப்பிய மொழி நூலில் அமர்ந்திருப்பது தமிழாசிரியன் ஒருவனுக்கு மகிழ்ச்சி தராமல் இருக்குமோ? வாந்திபேதியால் ஒருவர் சில மணி நேரத்தில் மாய்வதை அவர் விவரித்த பகுதி மருத்துவ வரலாற்றில் பெரிதும் மதிக்கப்படுகின்றது. பண்டைய கிரேக்கர் தவறியிருப்பின், தவறினர் என்று சொல்லத் தயங்கியவர் அல்லர் அவர். 1567இல் குளூசியஸ் என்பார் இந்நூலை லத்தீனில் சுருக்கி வெளியிட, ஐரோப்பா முழுவதும் அது பரவியது.

இத்தனை துணிவுடையவர் ஒன்றை மட்டும் எழுதவில்லை: தாம் யார் என்பதை. 1547இல் லிஸ்பனில் அவருடைய சகோதரியர் விசாரணை மன்றத்தின் பிடியில் சிக்கி மீண்டனர். பின்னர் அவர்களும் தாயும் கோவா வந்து சேர்ந்தனர். ஆனால் 1560இல் அதே மன்றம் கோவாவிலும் காலூன்றியது. ஓர்டா 1568இல் இயற்கை எய்தினார். அவர் மறைந்த உடனேயே சகோதரி கதரீனா கைது செய்யப்பட்டார். 1569 அக்டோபர் 25ஆம் நாள், யூத நெறியைக் கைவிடாதவர் என்ற குற்றச்சாட்டின்மேல் அவரை உயிருடன் எரித்தனர். ஓர்டாவும் மறைவில் அந்நெறியையே பேணினார் என உறவினரின் வாக்குமூலங்கள் பதிவாயின. அச்சத்தின் பிடியில் பெறப்பட்ட சொற்களை எவ்வளவு நம்புவது என்பது வேறு வினா, மன்றம் நம்பியது. 1580இல் கல்லறையைத் தோண்டி, பன்னிரண்டாண்டு மண்ணில் கிடந்த எலும்புகளை எடுத்து எரித்தனர். சாம்பல் மாண்டவி ஆற்றில் கரைந்தது.

இச்செய்தி நெடுங்காலம் ஆவணக் கட்டுகளுக்குள் உறங்கிக் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர் வரலாற்றை விரிவாக எழுதிய ஃபிகால்யோ பிரபுவும் அதனை அறிந்திலர். 1934இல்தான் ஆய்வாளர் ஒருவர் வெளிக்கொணர்ந்தார். இன்று பனாஜி நகரின் நடுவிலுள்ள பூங்கா ஓர்டாவின் பெயரைத் தாங்குகின்றது. 1989 மார்ச்சில், போர்ச்சுகல் குடியரசுத் தலைவர் மாரியோ சோரெஸ், தம் நாடு யூதர்களுக்கு இழைத்த கொடுமைகளுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். அதற்கு அவர் சென்று நின்ற ஊர் காஸ்டெலோ டி விடே.