பதில் வருமா, வராதா? போத்தனூர் அம்மாவின் மகன் ஆலன் டூரிங் 1936-லேயே கண்டுபிடித்த சிக்கல்

எட்டயபுரத்தில் வீட்டுத் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்து பைத்தான் பழகும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடியில் இருக்கும் தன் கல்லூரி சர்வர் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சின்ன புரோகிராம் எழுதுகிறார். எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியதில்லை. கம்ப்யூட்டரிலேயே ‘பிங்’ என்ற கட்டளை இருக்கிறது. தன் புரோகிராமுக்குள்ளிருந்து அதை ஓடவிட்டு, அது திரையில் காட்டும் பதிலை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டால் போதும்.

ஓடவிட்டார். பதில் வரவில்லை. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்... புரோகிராம் அப்படியே நிற்கிறது. விண்டோஸில் பிங் நாலு தடவை கேட்டுவிட்டு நின்றுவிடும். லினக்ஸில் யாராவது நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அது முடியட்டும் என்று இவருடைய புரோகிராம் காத்திருக்கிறது. அதுவோ முடியப்போவதே இல்லை.

ஒரு வெளிக் கட்டளையைக் கூப்பிடுவதற்கு முன்பே, அது முடியுமா முடியாதா என்று கண்டுபிடிக்க வழி இல்லையா? எல்லா புரோகிராமுக்கும் பொருந்துகிற மாதிரி அப்படி ஒரு வழி இருக்கவே முடியாது. இதற்கு அடிப்படையான நிரூபணத்தை எழுதியவர் ஆலன் டூரிங். அதை எழுதி முடித்தபோது அவருக்கு 24 வயதுகூட ஆகவில்லை. இன்று நாம் சொல்லும் கம்ப்யூட்டர் என்ற பொருளும் அப்போது உலகத்தில் இல்லை.

போத்தனூர், குன்னூர், லண்டன்

பாரதியார் எட்டயபுரத்தில் பிறந்தது 1882-ல். அதற்கு ஒரு வருஷம் முன்பு, அதே சென்னை மாகாணத்தில், கோவைக்குப் பக்கத்துப் போத்தனூரில் பிறந்தவர் டூரிங்கின் அம்மா எத்தல் சாரா ஸ்டோனி. அவருடைய அப்பா ரயில்வேயில் தலைமை இன்ஜினியர். டூரிங்கின் அப்பா ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ஐ.சி.எஸ். அதிகாரி. அண்ணன் ஜான் பிறந்ததுகூட 1908-ல் குன்னூரில்தான்.

ஆலன் மட்டும் லண்டனில், 1912 ஜூன் 23-ல் பிறந்தார். அந்தக் காலத்து ஆங்கிலேய அதிகாரிகள் பலரும் செய்ததைப் போல, பிள்ளைகள் இருவரையும் இங்கிலாந்தின் தென்கரையில் ஓய்வுபெற்ற ராணுவக் குடும்பம் ஒன்றிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியா திரும்பினார்கள். சின்ன வயதில் அப்பா, அம்மா என்றால் பெரும்பாலும் கடிதமும் லீவும்தான். அம்மா பிறந்த ஊரை டூரிங் கடைசிவரை பார்க்கவில்லை.

அப்படி என்ன நிரூபித்தார்?

1931-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்ந்தார். 1936-ல் வெளிவந்த கட்டுரையில் ஒரு கற்பனை இயந்திரத்தை விவரித்தார். நீளமான காகித நாடா, அதில் கட்டங்கள், கட்டத்தைப் படித்து எழுதும் ஒரு முனை. அவ்வளவுதான். இதில் பெரிய விஷயம் என்னவென்றால், வேறொரு இயந்திரத்தின் விவரத்தை நாடாவில் எழுதிக் கொடுத்தால், அந்த இயந்திரம் செய்வதை எல்லாம் இது அப்படியே செய்து காட்டும். ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமை ஓடவிடலாம் என்ற எண்ணத்துக்கு வேர் இங்கேதான்.

அதே கட்டுரையில் எல்லையையும் காட்டிவிட்டார். இன்றைய பாடங்களில் அதை இப்படிச் சொல்வார்கள்: எந்த புரோகிராமைக் கொடுத்தாலும் அது நிற்குமா நிற்காதா என்று சரியாகச் சொல்லும் ஒரு சோதனை புரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வேண்டுமென்றே ஒரு குதர்க்க புரோகிராம் எழுதலாம். அது தன்னைப் பற்றியே அந்தச் சோதனையிடம் கேட்கும். நிற்கும் என்று பதில் வந்தால் நிற்காமல் ஓடும். நிற்காது என்று வந்தால் உடனே நின்றுவிடும். எப்படிச் சொன்னாலும் சோதனை புரோகிராம் தோற்றுப்போகும். ஆகவே அப்படி ஒன்று இருக்க முடியாது.

அடுத்து அமெரிக்காவின் பிரின்ஸ்டன். அங்கே அலான்சோ சர்ச்சிடம் ஆராய்ச்சி செய்து 1938-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வில் இன்னொரு விசித்திரமான கற்பனை வருகிறது. கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் இயந்திரம் நடுவில் நிற்கும். தன்னால் முடியாத ஒரு கேள்வியை வெளியே ஒருவரிடம் கேட்கும். பதிலை வாங்கிக்கொண்டு மேலே போகும். நம்ம ஊரில் கோடாங்கியிடம் குறி கேட்பது போலத்தான். பதில் எப்படிக் கிடைத்தது என்பது கேட்பவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அந்தக் குறி சொல்லி ஓர் இயந்திரமாக இருக்க முடியாது என்பதையும் டூரிங் தெளிவாகவே எழுதினார். வெளிக் கட்டளையைக் கூப்பிடும் இன்றைய புரோகிராம் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனால் கேள்வி, காத்திருப்பு, பதில் என்ற அமைப்பு அதேதான்.

வந்த பதில் சரியா?

1939 செப்டம்பர் 4. பிரிட்டன் போர் அறிவித்த மறுநாள் டூரிங் பிளெட்ச்லி பார்க்கில் வேலையில் சேர்ந்தார். ஜெர்மனியின் எனிக்மா ரகசியச் செய்திகளை உடைக்க வேண்டும். போலந்துக் கணித அறிஞர்கள் முன்பே போட்டுவைத்த பாதையைத் தொடர்ந்து, ‘பாம்ப்’ என்ற இயந்திரத்தை அவர் வடிவமைத்தார். கார்டன் வெல்ச்மேன் அதை இன்னும் வேகமாக்கினார்.

அந்த இயந்திரம் விடையைச் சொல்லாது, ஓரிடத்தில் நிற்கும். அவ்வளவுதான். நின்ற நிலையைக் கடற்படைப் பெண்கள் குறித்துக்கொள்வார்கள். பிறகு அந்த அமைப்பை வைத்து உண்மைச் செய்தியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜெர்மன் வார்த்தைகள் வந்தால் சரி. குப்பை எழுத்துகள் வந்தால் அது பொய் நிறுத்தம், மறுபடியும் ஓட்டு. அந்தச் சோதனையை விட்டுவிட்டால் மொத்த உழைப்பும் வீண்.

இன்றைக்கும் புதிதாக எழுதுபவர்கள் தவறுகிற இடம் இதுதான். வெளிக் கட்டளை மூன்று விஷயங்களைத் திருப்பித் தருகிறது: வழக்கமான பதில், தனிக் குழாயில் வரும் பிழைச் செய்தி, கடைசியில் ஒரு எண். எண் 0 என்றால் வேலை முடிந்தது. வேறு எண் என்றால் பொதுவாக ஏதோ கோளாறு. பலர் முதல் குழாயை மட்டும் பார்த்துவிட்டு, ஏன் காலியாக இருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

போர் முடிந்ததும் ஏஸ் என்ற கம்ப்யூட்டருக்குத் திட்டம் எழுதினார். வேறு வேலைக்குத் தாவும் முன், திரும்பி வர வேண்டிய இடத்தைக் குறித்துவைக்கும் முறை அதில் இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர்கள் புதைப்பது, தோண்டி எடுப்பது என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள். ஏஸ் கட்டுவது இழுத்துக்கொண்டே போக, 1948-ல் மான்செஸ்டர் போனார். அங்கிருந்த கம்ப்யூட்டர் எண்களை 32-ஐ அடிப்படையாகக் கொண்டு, டெலிபிரின்டர் குறிகளாக, பின்னாலிருந்து முன்னால் அச்சடித்தது. டூரிங்குக்கு அது சாதாரணம். மற்றவர்களுக்கு? இன்று நம் புரோகிராம் பிடித்த தமிழ்ப் பதில் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் அதுவும் இதே ரகம்தான். யூடிஎஃப்-8 என்று படிக்கச் சொல்ல மறந்திருப்போம்.

1952-ல் நடந்தது

வீட்டில் திருட்டு நடந்ததாகப் போலீஸில் சொல்லப் போனார். விசாரணையில் ஓர் ஆணுடன் தனக்கு உறவு இருந்ததை மறைக்கவில்லை. அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி அது குற்றம். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சை என்ற பெயரில் ஒரு வருஷம் அவர் உடம்பை வதைத்தார்கள். ரகசிய அரசுப் பணிக்கான அனுமதியும் போனது. 1954 ஜூன் 7-ல் சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. தற்கொலை என்றது விசாரணை. அம்மா அதை ஏற்கவில்லை, விபத்து என்றே நம்பினார்.

1959-ல் மகனின் வாழ்க்கை வரலாற்றை அந்த அம்மாவே எழுதி வெளியிட்டார். பிளெட்ச்லி பார்க் ரகசியம் வெளியே வந்தது 1970-களில்தான். அதனால் போரில் மகன் உண்மையில் என்ன செய்தார் என்ற விவரத்தை அந்தப் புத்தகத்தில் அவரால் எழுத முடியவில்லை. அரச மன்னிப்பு 2013 டிசம்பரில் வந்தது. 2021-ல் பிரிட்டனின் 50 பவுண்ட் நோட்டில் டூரிங் படம் ஏறியது.

எட்டயபுரம் மாணவர் செய்ய வேண்டியது ரெண்டே வேலை. நாலு தடவை கேட்டால் போதும் என்று பிங்கிடம் சொல்ல வேண்டும். பத்து விநாடிக்குள் முடியாவிட்டால் விட்டுவிடு என்று பைத்தானிடம் சொல்ல வேண்டும். நேரம் கடந்தால் பைத்தான் பிங்கை நிறுத்திவிட்டு, காலக்கெடு தாண்டியது என்று பிழை காட்டும். கல்லூரி சர்வர் படுத்துவிட்டதா, நெட்தான் மெதுவா என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.