கோஷா பெண்களின் வக்கீல்

கறுப்பு அங்கி அணிந்த பெண் வக்கீல்களை இன்று எல்லாக் கோர்ட்டுகளிலும் பார்க்கலாம். பெரிய கம்பெனிகளும் பாங்கிகளும் மாதச் சம்பளம் கொடுத்துப் பெண் வக்கீல்களைத் தங்கள் ஆபீசிலேயே வைத்துக்கொள்கின்றன. பத்திரங்களைச் சரிபார்ப்பது, யோசனை சொல்வது, வம்பு வழக்கு வராமல் காப்பது எல்லாம் இவர்கள் வேலை.

இப்படிச் சம்பளம் வாங்கும் சட்ட ஆலோசகராக, 1904-ம் ஆண்டிலேயே நம் நாட்டில் ஒரு பெண்மணி இருந்தார். அவர் பெயர் கொர்னீலியா சோராப்ஜி. சட்டம் தெரிந்தவர் என்று சர்க்காரே அவரை வேலைக்கு வைத்தது. ஆனால் வக்கீல் என்று கோர்ட்டில் எழுந்து நிற்க மட்டும் அவருக்கு உரிமை இல்லை!

தாயார் சொன்ன யோசனை

கொர்னீலியா 1866-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி நாசிக்கில் பிறந்தார். தந்தை பார்சிக்காரர், கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்து பாதிரியார் ஆனவர். தாயார் பிரான்சினா, பூனா நகரில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியவர். வீடு நிறையப் பெண் குழந்தைகள். ஆண் பிள்ளை ஒருவர்தான். அந்த வீட்டில் பெண் என்பதற்காக யாருடைய படிப்பும் நிறுத்தப்படவில்லை. ஒரு தங்கை பிற்காலத்தில் டாக்டர் ஆனார். இன்னொருவர் பள்ளிக்கூடம் நடத்தினார்.

பிரான்சினா அம்மையாரிடம் கஷ்டம் சொல்லிக்கொண்டு பல பெண்கள் வருவார்கள். ஒருநாள் ஒரு பணக்கார விதவை வந்தாள். அவளுடைய சொத்தை ஒரு காரியஸ்தர் கவனித்துவந்தார். காகிதத்தை நீட்டினார், அவள் நம்பிக் கையெழுத்துப் போட்டாள். சொத்து முழுவதும் கை மாறிவிட்டது. அழுது என்ன பயன்? இதைக் கண்ட சிறுமி கொர்னீலியாவின் மனம் பதறியது. இப்படிப்பட்டவர்களுக்கு உதவ வேண்டுமானால் சட்டம் படி என்று தாயார் சொன்னார். சிறுமி அதை மறக்கவே இல்லை.

முதல் மார்க்கு, ஆனாலும் பணம் இல்லை

பூனா டெக்கான் காலேஜில் சேர்ந்தார். பையன்களோடு உட்கார்ந்து படித்தார். பரீட்சையில் காலேஜுக்கே முதலாவதாகத் தேறினார். பம்பாய் சர்வகலாசாலையில் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அப்படி முதலில் வருபவருக்குச் சீமை சென்று படிக்கச் சர்க்கார் உபகாரச் சம்பளம் உண்டு. கொர்னீலியாவுக்கு அது கிடைக்கவில்லை. காரணம், அவர் பெண்! அதே மார்க்கை ஓர் ஆண் பிள்ளை வாங்கியிருந்தால் கப்பல் டிக்கெட்டு வீடு தேடி வந்திருக்கும்.

அவர் சோர்ந்துவிடவில்லை. ஆமதாபாத் குஜராத் காலேஜில் ஆசிரியை ஆனார். ஆண் மாணவர்களுக்கு இங்கிலீஷ் பாடம் நடத்தினார். இதற்குள் இங்கிலாந்திலிருந்த நல்லவர்கள் சிலர் அவருக்காக நிதி திரட்டினார்கள். போர்க்களத்தில் நோயாளிகளைக் காத்துப் பெயர் பெற்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் அதில் பணம் போட்டார்.

1889-ம் ஆண்டு கொர்னீலியா ஆக்ஸ்போர்டு நகரில் சோமர்வில் காலேஜில் சேர்ந்தார். அங்கே சட்டம் படித்த முதல் பெண் அவர். பாடம் கேட்கலாம், ஆனால் ஆண்களோடு சமமாக உட்கார்ந்து சட்டப் பரீட்சை எழுதப் பெண்ணுக்கு விதி இல்லை. பேலியல் காலேஜின் தலைவர் ஜோவெட் என்பவர் அவருக்காகப் பரிந்து பேசினார். சர்வகலாசாலைச் சபை கூடித் தனி உத்தரவு போட்டது. 1892-ம் ஆண்டு அவர் பரீட்சை எழுதித் தேறினார். தேறி என்ன? பெண்களுக்குப் பட்டம் கொடுக்கும் வழக்கமே அப்போது ஆக்ஸ்போர்டில் கிடையாது. வெறுங்கையோடு 1893-ம் ஆண்டு தாய்நாடு திரும்பினார்.

ஊஞ்சலில் ஒரு தீர்ப்பு

இங்கே வந்தும் படிப்பை விடவில்லை. 1897-ம் ஆண்டு பம்பாயில் சட்டப் பரீட்சை எழுதித் தேறினார். 1899-ம் ஆண்டு அலகாபாத் ஐகோர்ட்டு நடத்திய வக்கீல் பரீட்சையிலும் தேறினார். சன்னத்து மட்டும் கொடுக்கவில்லை.

இடையிடையே நீதிபதி மனம் வைத்தால் வாதாட முடிந்தது. 1896-ம் ஆண்டு பூனாவில் ஒரு கொலை வழக்கில் அப்படி அனுமதி கிடைத்தது. சுதேச சமஸ்தானங்களிலும் சில வழக்குகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று வேடிக்கையானது. ஒரு ராஜா தங்க ஊஞ்சலில் ஆடிக்கொண்டே வழக்கை விசாரித்தாராம். கொர்னீலியா பக்கமே தீர்ப்பும் சொன்னாராம். வாதம் பிடித்ததால் அல்ல. ராஜாவின் நாய்க்கு அவரைப் பிடித்துவிட்டதால்! ஜெயித்தும் கொர்னீலியாவுக்குச் சந்தோஷம் இல்லை. அவர் படித்தது நாய்க்குப் பிடிப்பதற்காகவா?

திரைக்குப் பின்னால்

அந்தக் காலத்தில் வட இந்தியாவில் பெரிய ஜமீன் குடும்பத்துப் பெண்கள் கோஷாவில் இருந்தார்கள். தகப்பன், புருஷன், நெருங்கிய உறவினர் தவிர வேறு ஆண் முகம் பார்க்கமாட்டார்கள்.

புருஷன் இறந்துவிட்டால் அவர்கள் கதி என்ன? கிராமம் கிராமமாகச் சொத்து இருக்கும். ஆனால் சொத்துக்காரி ஒரு வக்கீலிடம் நேரில் பேச முடியாது. வக்கீல்கள் எல்லோரும் ஆண்கள். காரியஸ்தர் வந்து சொல்வதுதான் சட்டம். மைத்துனர் நீட்டுவதுதான் பத்திரம். அதிகாரி விசாரிக்க வந்தாலும் திரைக்கு வெளியேதான் நிற்கவேண்டும். உள்ளே இருந்து பதில் சொல்வது ராணிதானா, வேறு யாராவது ஒருத்தியா? அது அவருக்கு எப்படித் தெரியும்?

கோஷா பெண் எழுதிக்கொடுத்த பத்திரம் செல்லவேண்டுமானால், விஷயம் அவளுக்குப் புரிந்து, சம்மதித்து எழுதினாள் என்று ருசுப்படுத்த வேண்டும். சட்டம் அவ்வளவு பாதுகாப்புக் கொடுத்தது உண்மைதான். ஆனால் அப்படி ஒரு சட்டம் இருப்பதை அவளிடம் போய்ச் சொல்வது யார்?

ஜமீன்தார் இறந்து வாரிசு மைனராக இருந்தால் 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' என்ற சர்க்கார் இலாகா சொத்தை எடுத்து நிர்வாகம் செய்யும். தெற்கே ராமநாதபுரம் ஜமீனும் ஒரு காலத்தில் இந்த இலாகாவின் கையில் இருந்தது உண்டு. இலாகாவுக்குப் பணம் இருந்தது, ஆள் இருந்தது. அந்தப்புரத்துக்குள் போகக்கூடிய ஆள்தான் இல்லை.

அங்கே ஒரு பெண் சட்ட ஆலோசகர் வேண்டும் என்று 1902-ம் ஆண்டு கொர்னீலியா லண்டனுக்கு எழுதினார். மனுமேல் மனுப் போட்டார். 1904-ம் ஆண்டு வங்காள கோர்ட் ஆப் வார்ட்சில் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. 1907-ம் ஆண்டுக்குள் பீகார், ஒரிசா, அஸ்ஸாம் பகுதிகளும் அவர் பொறுப்பில் வந்தன.

நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை அல்ல அது. ரயிலில் போவார், ரயில் இல்லாத இடத்துக்குப் பல்லக்கிலும் படகிலும் யானை மேலும் போவார். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு அந்தப்புரத்துக்குள் நுழைவார். பெண்களோடு உட்கார்ந்து குடும்பக் கதை கேட்பார். அவர் கிறிஸ்தவர், ஆனாலும் அவர்களுடைய ஆசாரத்தை மதித்து நடந்தார். அதனால்தான் பயம் தெளிந்து வாய் திறந்தார்கள்.

விதவைக்குச் சேரவேண்டிய ஜீவனாம்சம் ஒழுங்காக வருகிறதா, மைனர் பிள்ளை பத்திரமாக இருக்கிறானா, பெண் குழந்தைக்குப் படிப்பு உண்டா? எல்லாவற்றையும் அவர் பார்ப்பார். மாமியார் மருமகள் சண்டை வழக்காக முற்றுமுன் பேசித் தீர்ப்பார். கோர்ட்டுக்குப் போனால் ஜமீனே கரைந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். சுமார் 20 ஆண்டுகளில் 600-க்கு மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் அவரால் உதவி பெற்றார்கள். 1909-ம் ஆண்டு சர்க்கார் அவருக்கு கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்தது.

தாமதமாகத் திறந்த கதவு

இவ்வளவு செய்தவர் கோர்ட்டுக்கு வெளியேதான் நின்றார். 1916-ம் ஆண்டு ரெஜினா குகா என்ற பெண் வக்கீல் தொழிலுக்கு மனுச் செய்தார். கல்கத்தா ஐகோர்ட்டு மறுத்துவிட்டது. சட்டத்தில் 'நபர்' என்று எழுதியிருக்கிறது. அந்தச் சொல் பெண்ணைக் குறிக்காது என்பது தீர்ப்பு. 1921-ம் ஆண்டு பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ராவுக்கும் அதே கதி.

அதே 1921-ல் அலகாபாத் ஐகோர்ட்டு மட்டும் துணிந்து கொர்னீலியாவின் பெயரைப் பதிவு செய்தது. 1922-ம் ஆண்டு அவர் லண்டன் போய், 30 ஆண்டுகளுக்கு முன் எழுதிய பரீட்சைக்கு உரிய ஆக்ஸ்போர்டு பட்டத்தை வாங்கிக்கொண்டார். 1923-ம் ஆண்டு பெண்கள் வக்கீல் ஆகலாம் என்று சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு கல்கத்தா ஐகோர்ட்டில் நுழைந்தபோது அவருக்கு 57 வயது.

அங்கே நல்ல வரவேற்பு இல்லை. வழக்குகளுக்கு அபிப்பிராயம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுந்து வாதாடும் வாய்ப்பு அரிதாகத்தான் வந்தது. சட்டம் திறந்த கதவை மனிதர்கள் பாதி சாத்தியே வைத்திருந்தார்கள். 1929-ம் ஆண்டு அவர் தொழிலை விட்டு லண்டனில் குடியேறினார்.

அரசியலில் அவர் வெள்ளையர் ஆட்சி பக்கம் நின்றார். காந்திஜியின் இயக்கத்தை எதிர்த்தார். இந்தியாவைத் தூற்றி மிஸ் மேயோ எழுதிய நூலை ஆதரித்ததால் நம் நாட்டுப் பெண் தலைவர்கள் பலர் அவரை விட்டு விலகினார்கள். அந்தப்புரத்து அழுகையை அவ்வளவு நன்றாகக் கேட்ட காதுகளுக்கு நாட்டின் சுதந்திரக் குரல் கேட்காமல் போனது வருந்தத்தக்கதே. அவருடைய பெயர் வெகு காலம் மறைந்து கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தம் வாழ்க்கையைப் பற்றி 1934-ம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. 1954-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி லண்டனில் தமது 87-வது வயதில் காலமானார். அங்கே லிங்கன்ஸ் இன் என்ற வக்கீல் சங்கத்தில் 2012-ம் ஆண்டு அவருடைய மார்பளவுச் சிலையை வைத்தார்கள்.